யோகஹாமாவிலிருந்து வந்த இரண்டு பேட்டுகள்

அந்த இரண்டு பேட்டுகளையும் நான் முதலில் பார்த்தது காஞ்சிபுரத்தை அடுத்த செவிலிமேட்டில், என் ஜோடியின் அக்கா வீட்டில். எழுபதுகளின் தொடக்கம் அது. ஜோடி என்றால் இறகுப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் என்னோடு சேர்ந்து ஆடுபவன். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் எடை போடும் வேலை அவனுக்கு. நான் காஞ்சிபுரத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலம் வேலை முடிந்ததும் அவன் பஸ் பிடித்து வந்துவிடுவான். அவன் பொறுமையாக ஆடுகிறவன், நான் அடித்து நொறுக்குகிற ரகம். தோற்றால் பேட்டைத் தரையில் விட்டெறிகிறவனும் நான்தான்.

அவனுடைய அக்கா கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்தார். ஜப்பானின் யோகஹாமா துறைமுகத்தில் ஒரு கடையில் ஏறி, கடைக்காரன் காட்டியதில் இரண்டை வாங்கி வந்திருந்தார். மெட்ராசில் அவருடைய கம்பெனி மேனேஜருக்குப் பேட்மிண்டன் என்றால் உயிர். அடுத்த கப்பலில் யாரை ஏற்றுவது, யாரைக் கரையிலேயே உட்கார வைப்பது என்பதெல்லாம் அந்த மேனேஜர் கையில் இருந்தது. ஏற்கெனவே மூன்று மாதமாகக் கரையில் உட்கார்ந்திருந்தார் அக்கா கணவர்.

"மச்சான், எனக்கு இந்த ஆட்டத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் ஒரு வாரம் ஆடிப் பாருங்க. எது ஒசத்தியோ அது மேனேஜருக்கு. இன்னொண்ணு உனக்கு. ஞாயித்துக்கெழம காலையில எடுத்துக்கினு வந்துடு, பத்து மணி பஸ்ல நான் மெட்ராஸ் போவணும்" என்றார் என் ஜோடியிடம்.

அது ஆடி மாதம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபம் ஒன்றை எங்களுக்கு ஆடத் திறந்துவிடுவார்கள். வெளியே ஆடிக்காற்றில் பந்தை மேலே போட்டால் அடுத்த தெருவில் போய்த்தான் பொறுக்க வேண்டும். மண்டபத்துக்குள் சுண்ணாம்பில் கோடு போட்டு, தூணுக்குத் தூண் வலை கட்டிக்கொள்வோம். அந்த வலை கிழிந்தால் முடிச்சுப் போடுவது என் பொறுப்பு. எங்கள் வீட்டில் இரண்டு தறி உண்டு. அறுந்த பாவு இழையைச் சேர்க்கிற முடிச்சையே வலைக்கும் போட்டுவிடுவேன். முடிச்சின் இரண்டு வாலும் ஒரே பக்கம் படுத்திருக்கும், எத்தனை இழுத்தாலும் அவிழாது. என் ஜோடி அதைக் கற்றுக்கொள்ளப் பார்த்து ஒவ்வொரு தடவையும் விரலைச் சிக்கவைத்துக்கொண்டு சிரிப்பான்.

பேட்டுகளுக்கு வருகிறேன். ஒன்று முழுக்க மரம். தலையும் தண்டும் கைப்பிடியும் ஒரே மரத்தில் ஒட்டுத் தெரியாமல் இழைத்தது போல இருக்கும். இன்னொன்றுக்குத் தலை மரம், தண்டு மட்டும் ஸ்டீல். எழுதுகிற பலப்பம் அளவுக்கு ஒல்லியான தண்டு. இது பந்தைத் தாங்குமா என்று முதல் நாள் நானே இளக்காரமாகக் கேட்டேன். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு பட்டுக் கடையில் பட்டு நிறுக்கிற தராசில் இரண்டையும் போட்டுப் பார்த்தோம். வித்தியாசம் பத்து கிராம்கூடத் தேறவில்லை. ஆனால் கையில் எடுத்து வீசினால் வேறு வேறு கதை.

மர பேட்டில் பந்து ஒரு கணம் நரம்பில் உட்கார்ந்துவிட்டுப் போகும். எங்கே போடுகிறோம் என்று யோசிக்க நேரம் கொடுக்கும். வலைக்கு அருகே மெதுவாகத் தள்ளிவிடுகிற ஆட்டத்துக்கு அதுதான் சரி. ஸ்டீல் தண்டு அப்படியில்லை. மணிக்கட்டைத் திருப்பின உடனே தண்டு பின்னால் வளைந்து, நாம் நினைப்பதற்குள் முன்னால் வந்துவிடும். ஸ்மாஷ் அடித்தால் மண்டபமே ஒருதரம் 'டப்' என்று திருப்பிச் சொல்லும். அதற்கு முன் நான் ஆடின பேட்டெல்லாம் துடைப்பக்கட்டை என்று தோன்றிவிட்டது. திங்கள் சாயங்காலத்திலிருந்து எனக்குத் தூக்கத்திலும் அந்தத் தண்டுதான்.

இங்கேதான் சிக்கல். உயர்ந்தது எது என்று எங்கள் வாயால் சொல்ல வேண்டும், சொன்ன உடனே அது போய்விடும். புதன்கிழமை நான் ஜோடியிடம் கேட்டே விட்டேன்.

"மரம்தான் ஒசத்தின்னு சொல்லிடேன். உங்க மாமாவுக்கு என்னா தெரியப்போவுது?"

அவன் வலையை மடித்துக்கொண்டிருந்தான். "அந்த மேனேஜருக்குத் தெரியும் பா. அவரு கையில பட்டாலே தெரிஞ்சிடும். அக்கா மூஞ்சிய நான் பாக்கணும் இல்ல?"

"ஸ்டீல் உங்கிட்ட இருந்தா எனக்கும் எப்பவாவது குடுப்ப. அதான் கேட்டேன்."

"மரத்தயும் குடுக்கத்தான் போறேன். ஸ்டீல்தான் ஒசத்தி, அதுதான் போவுது. வுடு."

எனக்குக் கோபம் வந்தது. நியாயமே இல்லாத கோபம். ஒருநாள், ஒரே ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அவன் யோசிக்காமல் கொடுத்துவிட்டான். மறுநாள் விடிந்ததும் தனியாக மண்டபத்துக்குப் போய்ச் சுவரோடு ஆடினேன். இருபது ஸ்மாஷ், முப்பது ஸ்மாஷ். கடைசியில் பந்து தலையின் ஓரத்தில் பட்டது. நரம்பு ஒன்று அறுந்து கன்னத்தில் அடித்தது.

நியாயமாகப் பார்த்தால் அன்றே ஜோடியிடம் சொல்லியிருக்க வேண்டும். மெட்ராசுக்கு அனுப்பி நரம்பு கட்டியிருக்கலாம். என் திமிர் விடவில்லை. நூலை இறுக்கிக் கட்டுவதற்குக் காஞ்சிபுரத்தான் மெட்ராசுக்குப் போவதா என்று நினைத்தேன். மீதி நரம்பையும் அறுத்தெறிந்தேன். வீட்டில் பாவுக்கு வைத்திருந்த பட்டில் பல இழை சேர்த்து முறுக்கேற்றினேன். பாவுக்குப் போடுகிற அதே அரிசிக் கஞ்சியில் தோய்த்து, ஈரம் காயுமுன் பேட்டில் கோத்தேன். தறியில் நெடுக்கே போகிற பாவு விறைப்பாக நிற்க வேண்டும், குறுக்கே ஓடுகிற ஊடை இளக்கமாக விழ வேண்டும். அதுதான் பிறந்ததிலிருந்து என் கண்ணில் இருந்த கணக்கு. பேட்டிலும் அப்படியே செய்தேன். நெடுக்கு நரம்புகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். குறுக்கு நரம்புகளைச் சும்மா ஓட்டிவிட்டேன். கைப்பிடிக்கு மேலே, தலையின் அடியில், என் முடிச்சைப் போட்டு முடித்தேன். விரலால் சுண்டினால் பாவு மாதிரியே பாடியது. பெருமை தாங்கவில்லை எனக்கு. மொட்டை மாடியில் வெயிலில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் முட்டை வடிவத் தலை பூசணிக்காய் ஆகியிருந்தது. காயக் காயப் பட்டு இறுகியிருக்கிறது. நெடுக்கு நரம்பெல்லாம் சேர்ந்து தலையை மேலும் கீழும் உள்ளே இழுத்துவிட்டன. பக்கவாட்டில் அதைத் தாங்கிப் பிடிக்க குறுக்கில் இறுக்கமே இல்லை. பேட்டுக்குத் தறி மாதிரி இழுப்பைத் தாங்குகிற கட்டை கிடையாது, நான்கு பக்கமும் சமமாக இழுத்தால்தான் அது நிற்கும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. தண்டு நுழைகிற இடத்தில் மரத்தில் மயிரிழை போல ஒரு கீறல்.

நான்கு மூலையிலும் திருகாணி வைத்த மரச்சட்டம் ஒன்று அந்த பேட்டோடு வந்திருந்தது. ஆடாதபோது பேட் கோணாமல் இருக்க அதற்குள் வைத்து இறுக்குவார்கள். அதில் வைத்து விரல் வலிக்கிற மட்டும் முடுக்கினேன். சட்டத்துக்குள் இருக்கும்வரை கோணல் வெளியே தெரியவில்லை. அன்றும் வெள்ளிக்கிழமையும் ஜோடி வந்தபோது தலைவலி, பேட்டை ஞாயிறு நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லி மண்டபத்துக்கே போகவில்லை. சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றேன். மில்லில் லோடு வந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், அவன் வரவே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அன்று கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு செவிலிமேட்டு வீட்டில் நாங்கள் மூவர். அக்கா உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பத் தயாராக இருந்தார். என் ஜோடி மர பேட்டைத் தன் மடியில் வைத்திருந்தான். நான் சட்டத்தோடு ஸ்டீல் பேட்டை நீட்டினேன். அப்படியே பையில் போட்டுக்கொண்டு போய்விடக்கூடாதா என்று அந்த ஊரில் இருக்கிற சாமியை எல்லாம் வேண்டினேன்.

"எது மச்சான் ஒசத்தி?"

"ஸ்டீல்தான் மாமா. சந்தேகமே இல்ல."

"அப்போ ஒரு தபா பாத்துக்கிறேன்" என்று திருகாணிகளைக் கழற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது கழன்றதும் 'டக்' என்று ஒரு சத்தம். தலை ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது.

அவர் நரம்பை விரலால் சுண்டிப் பார்த்தார். அக்கா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"இது என்னா? நரம்பு வேற மாதிரி இருக்குது. யார் கட்டனது?"

வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். என் ஜோடி அவர் கையிலிருந்து பேட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான். தலையின் அடியில் அவன் கண் ஒரு கணம் நின்றது. வால் இரண்டும் ஒரே பக்கம் படுத்த அந்த முடிச்சு. அதன்மேல் கட்டைவிரலை வைத்து மூடினான்.

"நான்தான் மாமா. ஆடிக்கினு இருக்கும்போது கீழ விழுந்துடுச்சி. இங்கயே ஒருத்தர் கிட்ட நரம்பு கட்டனேன். சரியா வரல."

"மூணு மாசமா ஊட்ல குந்திக்கினு இருக்கேன். உன்ன நம்பிதானே குடுத்தேன்?" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அக்கா தம்பியைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. பிறகு அவர் குனிந்து, என் ஜோடியின் மடியிலிருந்த மர பேட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். அவன் தடுக்கவில்லை. அது அவனுடையது என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் வாய் எப்போதோ மூடிக்கொண்டிருந்தது.

பஸ் நிறுத்தம் வரை இருவரும் நடந்தோம். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது கத்தியிருப்பேன். வாலாஜாபாத் பஸ் வந்தது. அவன் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினான். விரிசல் விட்ட ஸ்டீல் பேட்டை என் கையில் கொடுத்தான்.

"இந்தா. இதத்தான கேட்ட" என்று சொல்லிவிட்டு உள்ளே ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டான்.