முந்நூறு மீட்டரில் மதுரைப் புகை

வடுகபட்டிப் பக்கம் போர்வெல் மோட்டார் சிக்கிக்கொண்டால் சுருளிவேலைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று கால் கம்பத்தை நட்டு, கயிறு சுற்றும் வின்ச்சைக் கையால் சுழற்றி, அறுநூறு அடியிலிருந்தும் சேதமில்லாமல் தூக்கிவிடுவார். முன்பு மதுரையில் பட்டறை வைத்திருந்தார். மனைவி பஞ்சம்மாளுக்கு அங்கத்திய புகை ஒத்துக்கொள்ளாமல் மூச்சிளைப்பு வரவே, 2003இல் இங்கே குடிவந்துவிட்டார்கள். பஞ்சம்மாள் மண்டியிலிருந்து மூட்டை வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்து பூண்டைப் பல் பல்லாகப் பிரிப்பாள். இளைப்பு பெரும்பாலும் விட்டுப்போயிற்று.

2009 தை மாதம் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்து, ஊருக்குக் கிழக்கே ஒரு தரிசில் நீளக் கயிற்றில் கட்டிப் பலூன் பறக்கவிட்டது. ஆட்டோ அளவுக்கு வெள்ளைப் பலூன், அடியில் டிபன் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டி. எந்த உயரத்தில் எவ்வளவு புகைத்தூசி இருக்கிறது என்று பெட்டி அளந்து சொல்லும். முதல் நாளே லோ வோல்டேஜில் அவர்களுடைய மின்சார வின்ச் கருகிவிட்டது. குழுவின் தலைவி கயல், விசாரித்துக்கொண்டு சுருளிவேல் வீட்டுக்கு வந்தாள்.

“குழிக்குள்ள இறக்கித் தூக்கித்தான் பழக்கம் தாயி. வானத்துக்கு அனுப்பினதில்ல. பாப்போம்” என்றார் அவர்.

ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. காற்று இழுக்கிற இழுப்பைக் கயிற்றிலேயே உணர்ந்து, ஐம்பது மீட்டருக்கு ஒரு தரம் நிறுத்தி நிறுத்தி விட்டார். அந்த வேலை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் விடியலில் கணினியைப் பார்த்தார். புகைத்தூசி தரையில் முப்பது, முந்நூறு மீட்டரில் நூற்றுப்பத்து.

“அம்புட்டு ஒசரத்துல யாரு தாயி அடுப்பு மூட்டுறது?”

கயல் சிரித்தாள். “மதுரைப் புகைண்ணே. பகல்ல மேல ஏறுனது, ராத்திரி கெழக்கேருந்து அடிக்கிற கீழக்காத்துல மிதந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி தாண்டி வருது. மலை தடுக்கிறதால இங்க தேங்கிருது.”

சுருளிவேலுக்கு முகம் சுண்டிப்போயிற்று. “அதுக்குப் பயந்துதான் ஊரையே மாத்துனோம். அது மேலயே போயிருமா?”

“வெயில் ஏறினா காத்து கலங்கும். பத்து மணிவாக்குல கொஞ்சம் கீழ இறங்கும்.”

பத்து மணி என்றதும் அவருக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாகத் தை மாதக் காலைகளில் அந்த நேரத்துக்குத்தான் பஞ்சம்மாளுக்கு இருமல் வரும். பக்கத்து வீட்டு மாயக்காள் பொடிக்கு மிளகாய் வறுப்பதால்தான் என்று அவள் சண்டை போட்டு, இருவருக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது.

மத்தியானம் வீட்டில், இருமலுக்குக் காரணம் மிளகாய் இல்லை, மதுரைப் புகைதான் என்று சொன்னார். “அவளுக்கு வக்காலத்தா?” என்றாள் பஞ்சம்மாள்.

விஷயம் கேட்ட கயல் பஞ்சம்மாளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, இருமுகிற நேரத்தைக் குறித்துவைக்கச் சொன்னாள். நான்கு நாள் பத்து மணியை ஒட்டியே இருமல். ஐந்தாம் நாள் காற்று திரும்பி மலையிலிருந்து அடித்தது. பலூனை எவ்வளவு ஏற்றியும் புகை அகப்படவில்லை. அன்றைக்குப் பார்த்து மாயக்காள் ஒரு படி மிளகாய் வறுத்தாள். பஞ்சம்மாளுக்கு இரண்டு தும்மல் வந்தது, இருமல் வரவில்லை.

நோட்டை மூடிவைத்துவிட்டு, எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள். “மூணு வருசமா உன்னத் தப்பாப் பேசிட்டேன் மாயக்கா.”

“நீ மதுரையத்தான் திட்டிருக்கணும்” என்று மாயக்காள் முறத்தை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு கீழக்காற்று அடிக்கிற நாளில் மதியம்வரை பஞ்சம்மாள் கதவைச் சாத்தி உள்ளேயே பூண்டு பிரித்தாள். இருமல் முழுசாக நிற்கவில்லை, பாதியாகக் குறைந்தது.

அடுத்த தையில் குழு சுருளிவேலைக் காமயகவுண்டன்பட்டிக்கு அழைத்துப்போனது. திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே பலூன் ஏறிற்று. அங்கே புகை, வடுகபட்டியில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

“இங்கன ரொம்பக் கம்மியா இருக்கு. குடி மாறிருவமா?”

“இன்னொரு தடவ சட்டி பானையத் தூக்க என்னால ஆகாது” என்றாள் பஞ்சம்மாள். “அங்கன பன்னீர்த் திராட்சை நல்லா இருக்கும்னு சொல்றாக. ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்க.”