அந்தப் பொண்ணு குடிச்ச டீ

போன வாரம் பத்திரிகையில இந்தப் பக்கத்துல என்னைக் காணோம்னு கேட்டீங்களாம். முட்டி வீங்கிருச்சு. அவ்வளவுதான்.

போடியில ஏலக்கா எஸ்டேட்டுக்காரங்க வீட்டுல நான் வேலை பாக்குறது உங்களுக்குத் தெரியும். எஸ்டேட்டு போடிமெட்டுக்கு மேலே. வீடு கீழே. பெருக்கணும், தொடைக்கணும், பாத்திரம், துணி... முட்டி இல்லாம இதுல எதைச் செய்ய?

படுத்துக் கெடந்தேன். முதலாளியம்மா போன் போட்டாங்க.

"பேச்சி, மகன் வேற மெட்ராஸ்லருந்து வர்றான். வேலை அப்படியே கெடக்கு. நீ எந்திரிக்கிற வரைக்கும் உன் மகளை அனுப்பேன்."

பாக்குறேம்மான்னு வச்சிட்டேன்.

மகா காலேஜ் முடிச்சிட்டு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கா. அந்த வீட்டுப் பின்வாசலை அவ மிதிக்கக்கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு. ஒருநாள் போனா, அப்புறம் 'அவதான் வருவாளே'ன்னு ஆயிரும். அனுப்பலைன்னா வேற ஆளு வந்துரும். என்ன செய்ய?

பக்கத்துல உக்காந்து போன்ல ஏதோ பாத்துச் சிரிச்சா.

"என்ன கார்ட்டூனா?"

"கார்ட்டூன் இல்லம்மா, அனிமே. ஜப்பான்காரங்க எடுத்தது. வீட்டு வேலை பாக்குறவங்க கதை. நீ கண்டிப்பா பாக்கணும்."

பாத்தேன். கீழே இங்கிலீசு ஓடுச்சு, மகா படிச்சுப் படிச்சுச் சொன்னா.

பெரிய பங்களா. ஒரு சின்ன முதலாளி. வேலைக்கு ஒரு பொண்ணு — கறுப்புக் கவுனு, மேலே வெள்ளை ஏப்ரன். வெள்ளை! கரி பட்டா யாரு தொவைக்கிறது? முன்வாசல் வழியாத்தான் வர்றா. நின்னுக்கிட்டே தொடைக்கிறா.

"ஓரமெல்லாம் விட்டுட்டாளே"ன்னேன்.

"ம்மா, நீ படம் பாக்குறியா, வேலை வாங்குறியா?"

அப்புறம் அந்தப் பொண்ணு ஒரு கப்பைப் போட்டு உடைச்சிட்டா. பையன் ஓடியாந்து, 'கையில பட்டுச்சா?'ன்னு கேட்டான்.

நம்ம பக்கம் முதல்ல கப்பைத்தான் பாப்பாங்க.

அதோட விடலை. அவனே டீ போட்டு, அதே மாதிரி பூப்போட்ட கப்புல ஊத்தி, எதிர்ல உக்காரச் சொன்னான். அந்தப் பொண்ணு கூச்சப்பட்டுத் தொடலை. 'ஏன் குடிக்கலை?'ன்னு மொகத்தையே பாத்தான். அவளுக்குக் கன்னம் செவந்துருச்சு. அப்புறம் குடிச்சா.

காதல்னா இவ்வளவுதானான்னு இருந்துச்சு. நல்லாவும் இருந்துச்சு.

"அங்க உனக்கு டீ குடுப்பாங்களாம்மா?"ன்னா மகா.

"குடுப்பாங்க."

எதுலன்னு அவ கேக்கலை. நானும் சொல்லலை.

"அப்ப நான் போறேன். சின்ன முதலாளி வேற வர்றாராமே!"

"அவருக்குத் தலையில முடியில்லடி."

சிரிச்சா. காலையில போயிட்டா. நான் எந்திரிச்சு மறிக்கிறதுக்குள்ள தெருவைத் தாண்டிட்டா.

சாயங்காலம் வந்தா. பையிலருந்து ஒரு டம்ளரை எடுத்து என் முன்னால வச்சா. வெளிம்பு நசுங்குன எவர்சில்வர் டம்ளர்.

"இது உன்னுதாமே?"

"ஆமா."

"பின்பக்கம் துணி துவைக்கிற கல்லு மேல இருந்துச்சு. அதுல ஊத்திக் குடுத்தாங்க. 'உங்கம்மா டம்ளருதான், குடி'ன்னாங்க."

நான் முட்டியைத் தடவிக்கிட்டு இருந்தேன்.

"அந்த வீட்டுப் பாத்திரம் அம்புட்டையும் நீதானம்மா கழுவுற. உன் டம்ளரு மட்டும் ஏன் வெளியே கெடக்கு?"

முதலாளியம்மா கெட்டவங்க இல்லை. தீபாவளிக்குச் சேலை உண்டு. முட்டிக்குத் தைலம் கூட மககிட்டக் குடுத்துவிட்டிருந்தாங்க. அதையெல்லாம் சொல்லலாம்னு வாயெடுத்தேன். அது அவ கேட்டதுக்குப் பதில் இல்லையே... விட்டுட்டேன்.

"நீ குடிச்சியா?"

"கீழே ஊத்திட்டேன்."

டம்ளரைப் புளி போட்டுத் தேச்சா. எங்க அடுப்படி அலமாரியில மத்த டம்ளரோட கவுத்து வச்சா. நாளைக்கு நீ போக வேணாம்னேன். சரின்னா.

மறுநாள் முட்டியில துணியைச் சுத்திக்கிட்டு நானே போனேன். போகாம முடியுமா? போற வழியெல்லாம் ஒரே நெனைப்பு. டம்ளரு இல்லையே, இன்னைக்கு எதுல குடுப்பாங்க? வயசுப்பிள்ளை மாதிரி அந்தப் பூப்போட்ட கப்பு வரைக்கும் நெனைச்சிட்டேன்னா பாத்துக்கங்க.

டீ நேரம் வந்துச்சு. கல்லு மேல புது டம்ளர். ஒட்டுன ஸ்டிக்கரு கூடப் பிரிக்கலை.

"எனக்கு டீ வேணாம்மா"ன்னேன்.

"சரி"ன்னு முதலாளியம்மா உள்ளே போயிட்டாங்க.

அந்த ஜப்பான் பையனா இருந்தா, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பான்.