நடுங்காத கையெழுத்து

யார் கையெழுத்தையும் அச்சு அசலாகப் போட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. மூன்று வருட ஆராய்ச்சிப் படிப்பில் நான் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான். பல்கலைக்கழக ஆய்வு விருதுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். என் நெறியாளரோ மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில். அவர் கையெழுத்தை நானே போட்டு, தாம்பரத்தில் ரயில் இறங்கி அலுவலகத்துக்கு ஓடினேன்.

விண்ணப்பம் வாங்கும் அந்த அம்மாவின் பெயர் இன்றும் எனக்குத் தெரியாது. நரைத்த கொண்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. முத்திரை குத்துவது மட்டும்தான் அவர் வேலை. ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஸ்கேலை வைத்து, முழுவதும் படித்துவிட்டுத்தான் குத்துவார். என் கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் நின்றது.

"சார் கையெழுத்தா தம்பி இது?"

"ஆமா மேடம். நேத்துதான் போட்டுக் கொடுத்தார்."

"சாரோட லீவ் லெட்டர்ல கையெழுத்து வாங்க ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். பேனா பிடிக்கவே அவருக்குக் கை நடுங்குது. இது ஜம்முனு இருக்கே!"

அவர் மேலதிகாரியிடம் சொன்னால் விருது மட்டுமல்ல, படிப்பே போய்விடும். அவர் யாரையும் கூப்பிடவில்லை. அந்தத் தாளை உருவிக் கிழித்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.

"நாலு மணிக்கு மூடிடுவீங்களே மேடம், சாரை நான் எங்க போய்ப் பார்ப்பேன்?"

ஒருமுறைகூட நான் நெறியாளரைப் பார்க்கப் போகவில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. அந்த அம்மா நிமிராமல் சொன்னார்:

"குரோம்பேட்டை ஆஸ்பத்திரி, ரெண்டாவது மாடி, ஒன்பதாம் நம்பர் பெட்."