இரண்டு சைக்கிள் போகும் அகலம்

என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பது எங்கள் ஊருக்கே தெரியும். கல்யாண வீடோ கருமாதி வீடோ, நான் போய் உட்கார்ந்தால் நாலு பேர் சிரிப்பார்கள். அந்த வாயை நம்பித்தான் என் தங்கை என்னைத் தூது அனுப்பினாள்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். தங்கைக்கு எங்கள் வீட்டில் தலைப்பிரசவமாகி, பெண் குழந்தை பிறந்து, எட்டு மாதம் ஓடிவிட்டது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாப்பிள்ளை வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் வரவில்லை. கூப்பிட ஆள் வராமல் அவளாகப் போய் இறங்கவும் கூடாது, நாங்களாகக் கொண்டுபோய் விடவும் கூடாது. விட்டால், வேண்டாத சாமானைத் தள்ளிவிட்டுப் போனார்கள் என்று பேச்சு வரும். கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் அய்யா வயலுக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டார். கிணற்றடியில் ஒருத்தி 'வாழாவெட்டி' என்ற சொல்லைத் தங்கையின் காதில் விழும்படி சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு தங்கை வெயில் ஏறி, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் தண்ணீருக்குப் போனாள்.

மாப்பிள்ளை திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். சைக்கிளும் பழைய கல்லும்தான் அவருக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமையானால் போதும், சேதுவில் முழுகப் போன யாத்திரைக்காரர்கள் அந்தக் காலத்தில் நடந்த தடங்களைத் தேடிக் கிளம்பிவிடுவார். இடிந்த சத்திரம், தேய்ந்த கல்வெட்டு, ஊருணிப் படிக்கட்டு, எதைக் கண்டாலும் ஒரு நோட்டில் வரைந்து வைப்பார்.

"எதிர எதிர உக்காந்தா அவுக வாயத் தொறக்க மாட்டாகண்ணே," என்றாள் தங்கை. "சைக்கிள்ல போகையிலதான் பேசுவாக. என்னைய கேரியர்ல வச்சுக்கிட்டுப் போகையில ஊர்க்கதை பூராம் சொல்லுவாக. நீயும் கூடப் போ. சண்டை கிண்டை போட்றாத. எப்ப வந்து கூப்பிடுவாகன்னு மட்டும் கேட்டுட்டு வா."

பழைய இடமெல்லாம் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று ஒரு கார்டு போட்டேன். ஞாயிறு விடிய உத்தரகோசமங்கை கோயில் வாசலுக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. எனக்கும் கல்வெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசிக்காமலா இருந்திருப்பார்?

எனக்கு வேண்டியது ஒன்றுதான்: இரண்டு சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில் போகிற பாதை. முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி கேட்டுவிடலாம். ஆனால் பாதையைத் தேர்ந்தெடுப்பவர் அவர். கோயிலைச் சுற்றிக் காட்டிவிட்டு, நல்ல வண்டிப்பாதை இருக்க, கண்மாய்க் கரைமேல் ஏற்றினார். "இதுதான் மச்சான் பழைய தடம்," என்றார். கரையில் ஒரு சைக்கிளுக்குத்தான் இடம். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் கருவேல முள். ஏழெட்டு மைலும் அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். சட்டை நனைந்து ஒட்டிக்கிடந்தது. அவர் மிதித்தது வாடகை சைக்கிள். பின் சக்கரம் கோணல், செயின் கடகடவென்று சத்தம். கல்யாணத்துக்கு நாங்கள் வாங்கிக்கொடுத்த புது வண்டி எங்கே என்று நாக்கு நுனிவரை வந்தது. ரிப்பேராக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கரை இறங்கும் இடத்தில் என் டயரில் முள் ஏறியது. அவரே டியூபை உருவி, கண்மாய்த் தண்ணீரில் முக்கி, ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினார். எதிரெதிரே குத்தவைத்து அரைமணி நேரம் இருந்தோம். தங்கை சொன்னது சரி. ஒரு வார்த்தை கிடையாது.

திருப்புல்லாணி தாண்டி ஓர் இடிந்த சத்திரத்தில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அங்கே மட்டும் கொஞ்சம் பேசினார். நடந்து வருகிறவன் எங்கே அலுத்து உட்காருவானோ அந்த இடமாகப் பார்த்துத்தான் சத்திரம் கட்டியிருக்கிறார்கள், மைல் கணக்குப் பார்த்து அல்ல என்றார். சொல்லிவிட்டுத் தூணில் இருந்த ஏதோ ஒரு மீனை வரையத் தொடங்கினார். பாதிச் சோற்றோடு நான் கையைக் கழுவினேன். வீட்டில் ஒருத்தி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இவர் கல்மீனுக்குச் செதில் போடுகிறார் என்று ஆத்திரமாக வந்தது.

சேதுக்கரை வரை மணல். தள்ளிக்கொண்டுதான் போனோம். அங்கே கடல் வற்றியிருந்தது. பெரியபட்டினம் பக்கம் கரையோரமாக ஈர மணல் இறுகி, சிமெண்டுத் தரை மாதிரி கிடந்தது. பத்து சைக்கிள்கூட வரிசையாகப் போகலாம். எட்டி மிதித்து அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன்.

"மாப்பிள்ளை, எப்ப வந்து புள்ளையக் கூப்பிடுறீங்க?"

கொஞ்ச தூரம் மிதித்தார். பிறகு கடலைப் பார்த்தபடி கேட்டார்: "தொட்டில் போட்ட அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா மச்சான்?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு ஒரு சொல் மறக்கவில்லை. அன்றைக்கு அவர் தன் பெரியப்பாவைக் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து இறங்கினார். தகப்பன் இல்லாத அவரை வளர்த்து ஆளாக்கியவர் அந்தப் பெரியப்பா. பந்தல் நிறையச் சனம். நான் சத்தமாகச் சொன்னேனாம்: "ஏ, நம்ம சைக்கிள் வந்துருச்சப்பா! புடிச்சுப் பூட்டி வைங்க, மாப்பிள்ளை நடந்து போகட்டும்!" பந்தலே சிரித்ததாம். அவரும் சிரித்தாராம்.

"திரும்பிப் போகையில பெரியப்பா கேரியர்ல ஏற மாட்டேன்னுட்டாரு. 'இரவல் வண்டியிலயாடா என்னைய ஏத்திக்கிட்டு வந்த'ன்னு கேட்டுக்கிட்டே அம்புட்டுத் தூரமும் நடந்தாரு. நான் வண்டியத் தள்ளிக்கிட்டே வந்தேன். அன்னையில இருந்து அதுல ஏறல."

"ஒரு கேலிக்கா மாப்பிள்ளை எட்டு மாசம்?"

"அதே வாசல்ல நாலு பேரு முன்னால, தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மறுநாளே வாரேன்."

மச்சான் முறைக்கு இந்தக் கேலிகூடப் பேசக்கூடாதா? எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. தங்கை சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. "மன்னிப்புக் கேக்க நான் என்ன களவா எடுத்தேன்?" என்று கத்திவிட்டு சைக்கிளைத் திருப்பினேன். அவர் பின்னால் கூப்பிட்டார். நான் நிற்கவில்லை.

வீடு வந்து சேர்கிறவரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஊர் எல்லையில்தான் பயம் பிடித்தது. போன காரியம் என்ன, செய்துவிட்டு வந்தது என்ன? தவளை தன் வாயால் கெடும். இங்கே தவளை நான், கெட்டது அவள்.

தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "என்ன சொன்னாகண்ணே?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அதற்குப் பதிலாக, வழியில் யோசித்துக்கூட வைக்காத ஒரு பொய் வாயில் வந்தது.

"பொட்டப்புள்ளையாப் போச்சுன்னு மனசு இல்லையாம்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. குழந்தை என்னைப் பார்த்துத் தாவியது. நான் வாங்கவில்லை. முகம் கழுவப்போகிறவன் மாதிரிக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சொல்லாத ஒவ்வொரு நாளும் அது இன்னும் கனத்தது. பதினாறாம் நாள் காலையில் மாப்பிள்ளை வந்தார். கூடவே பெரியப்பாவும். பஸ்ஸில் இறங்கி நடந்து வந்திருந்தார்கள். பெரியப்பா கையில் ஒரு கிலுகிலுப்பை. "கோபம் என்னோட போகட்டும்ப்பா, புள்ளை என்ன பண்ணுச்சு?" என்று அய்யாவிடம் சொன்னார். அக்கம்பக்கம் எல்லாரும் கூடிவிட்டார்கள். அம்மா அழுதுகொண்டே உலை வைத்தாள்.

தங்கை உள்ளேயிருந்து வரவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்து குரல் மட்டும் வந்தது. "பொட்டப்புள்ளை வேணாமின்னவுக கூட நான் வரல. நானும் எம்புள்ளையும் இங்கனயே கெடக்கோம்."

மாப்பிள்ளை திகைத்துப் போனார். "யாரு வேணாமின்னது?"

அவர் அய்யாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெரியப்பா கிலுகிலுப்பையைத் துண்டுக்குள் மறைத்தார். அதைப் பார்த்ததும் நான் நடுவாசலுக்கு வந்தேன்.

பந்தலில் நான் சொன்ன கேலி, கடற்கரையில் போட்ட சண்டை, வாசலில் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்துப் பெரியப்பா காலில் விழுந்தேன். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கதவு திறந்தது. தங்கை என்னைத் திட்டுவாள், கன்னத்தில் அறைவாள் என்று காத்திருந்தேன். அவள் குழந்தையைத் தூக்கி, அதன் முகத்தைத் தன் முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"பதினாறு நாளாப் பால் குடுக்கையில இவ மொகத்தைப் பாக்காமக் குடுத்தேண்ணே."