இரவு ஷிப்ட் அண்ணன்

கூட்டங்களுக்குப் போனால் யாராவது ஒருவர் எழுந்து கேட்டுவிடுகிறார்: "உங்க கதைகள்ல எல்லா வீட்டிலும் உள்ளறையில ஒரு ஆள் தூங்கிக்கிட்டே இருக்கானே, அவன் யாரு?" ஒரு பத்திரிகைக்காரர் இன்னும் ஒருபடி மேலே போனார். அந்த ஆளுக்குக் கதையில் ஒரு வேலையும் இல்லை, வெட்டிவிடலாமா என்று கேட்டார். வேலை இல்லையாம்! அவன் பார்த்த வேலை எனக்கல்லவா தெரியும். அந்த ஆளோடு நான் ராஜபாளையத்தில் சில வருடங்கள் ஒரே வீட்டில் இருந்தேன். அவன் சட்டையைத் துவைத்திருக்கிறேன். அவனுக்கென்று பக்கத்து வீட்டிலிருந்து வந்த மீன் குழம்பைத் தின்றிருக்கிறேன். அவன் செத்தபோது வாய்விட்டு அழுதும் இருக்கிறேன். ஆனால் அப்படி ஒரு ஆள் ஒருநாளும் இருந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து அந்த ஊரில் வீடு தேடினோம். நான் பிளவக்கல் பக்கத்துக்காரி, பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி ஒன்றின் ஆபீசில் டைப் அடித்தேன். இன்னொருத்தி கிறிஸ்தவப் பெண், நர்சரிப் பள்ளியில் டீச்சர். மூன்றாவது எங்கள் அக்கா. கூடப் பிறந்தவள் அல்ல, எங்களைவிட மூத்தவள், அதனால் அக்கா. வன்னியம்பட்டிக்காரி, பஞ்சு மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவில் வேலை. அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை, ஊரில் அம்மா மட்டும். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாததை அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். யாராவது வளைகாப்புக்குக் கூப்பிட்டால் மட்டும் அன்றைக்குத் தலைவலி என்று படுத்துக்கொள்வாள்.

மூன்று பொம்பளைகளுக்கு எவன் வீடு கொடுப்பான்? தெருத்தெருவாக அலைந்தோம். வாடகை எவ்வளவு என்று ஒருவரும் முதலில் சொல்லவில்லை, "ஆம்பள யாரு இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். கடைசியில் பார்த்த வீட்டின் சொந்தக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர், வயசானவர், முன்கட்டில் தனியாக இருந்தார். எங்களை அம்மாயி என்றுதான் கூப்பிட்டார். கனிவான மனுஷிதான். ஆனாலும் அதே பாட்டு.

"கோவிச்சுக்காதீங்க அம்மாயி. ஆம்பள இல்லாத வீட்டுக்கு நான் வாடகைக்கு விடுறதில்ல. நாளைக்கு ஒண்ணுன்னா நாலு பேரு என்னையத்தான் கேப்பாங்க."

எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "எங்க அண்ணன் இருக்காவல்லா. ஊருக்கு வெளிய மில்லுல பிட்டரு. எப்பவும் நைட் ஷிப்ட்தான். பகல்ல தூங்குவாவ."

டீச்சர் என் கையைக் கிள்ளினாள். நான் சுவரைப் பார்த்தேன். வீட்டுக்காரம்மாவோ அங்கேயே சாவியைக் கொடுத்துவிட்டார்.

அந்த ஊரில்தான் அது பலித்தது. மில் சங்கு ஊதித்தான் அங்கே பொழுது விடியும், பொழுது அடங்கும். இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டுப் பகலில் படுத்திருக்கிற ஆள் எல்லாத் தெருவிலும் உண்டு. "நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்தவுக தூங்குதாவ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உரல் இடிக்கிறவள் உலக்கையைக் கீழே வைப்பாள். பிள்ளைகளை அடுத்த தெருவுக்கு விரட்டுவார்கள். ஆளை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தூங்குகிறவனை எட்டிப் பார்ப்பது பாவம் என்று ஓர் எண்ணம். எங்கள் வீட்டுப் பின்வாசல் ஒரு முடுக்கில், ஓர் ஆள் போகிற சந்தில் திறக்கும். அண்ணன் போக்குவரத்தெல்லாம் அந்த முடுக்கு வழி என்று சொல்லிவைத்தோம்.

நடைபாதைக் கடையில் ஒரு சட்டை, ஒரு கைலி, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினோம். சட்டையும் கைலியும் கொடியில் காய்ந்தன. செருப்பு வாசலில் கிடந்தது. ஆள் நடமாட்டம் தெரியட்டும் என்று அதைப் போகவரத் திருப்பி வைப்பது என் வேலை. இவ்வளவுதான் நாங்கள் செய்தது. மிச்சத்தைத் தெரு செய்தது. டீக்கடைக்காரர் ஒருநாள் என்னிடம், "ஒங்க அண்ணாச்சி காலையில வந்து சாயா குடிச்சிட்டுப் போனாவ, அதிகம் பேச மாட்டாவ போல" என்றார். வீட்டுக்காரம்மா முடுக்கில் அவன் முதுகைப் பார்த்தாராம், நல்ல உயரமாம். அவர் வீட்டில் ஒரு வெள்ளை நாய் உண்டு, ராஜபாளையத்து நாய், எங்களையே இரண்டு மாதம் உள்ளே விடாமல் உறுமியது. "ஒங்க அண்ணனைப் பாத்து ஒருநாள் கொரைச்சதில்ல பாருங்க. நாய்க்குத் தெரியும் நல்ல மனுசன் யாருன்னு" என்பார். டீச்சர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடுவாள்.

நான் பிற்பாடு கதை எழுதக் கற்றதெல்லாம் அங்கேதான். ஒரு ஆளை உண்டாக்க மூக்கு முழி சொல்ல வேண்டியதில்லை, வாசலில் செருப்பைத் திருப்பிப் போட்டால் போதும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு அண்ணனைச் சொல்வோம். என் அண்ணன் நூலகத்துப் புத்தகமெல்லாம் படித்தவன். டீச்சருடைய அண்ணனுக்குக் கத்திரிக்காய் ஆகாது, குறட்டை விடுவான், பேயென்றால் பயம். அக்கா சிரிப்பாள், ஆனால் அவள் அண்ணனைப் பற்றிக் கேலி பேசினால் முகம் சுருங்கிவிடும். அவளுடைய அண்ணன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன். தெருப் பெண்கள் அவளிடம் "ஒங்க அண்ணன்ட்டச் சொல்லி சீக்கிரம் ஒரு எடம் பாக்கச் சொல்லுத்தா" என்றால், "பாத்துக்கிட்டுத்தான் இருக்காவ" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தெம்பு இருக்கும். கூடப் பிறந்தவன் ஒருத்தன் இருந்தால் தன் கதை இப்படிக் கிடக்காது என்று அவள் நம்பினாள்.

இன்னொன்றும் உண்டு. பொம்பளைகளுக்கு அப்போது மில்லில் இரவு ஷிப்ட் கிடையாது. அக்கா விடியுமுன் போய் மத்தியானம் திரும்புவாள், பஞ்சுத் தூசி தலையெல்லாம் ஒட்டியிருக்கும். வந்து பாயைப் போட்டுப் படுத்தால் அடித்துப்போட்டதுபோல் தூங்குவாள். வெளியே தெருவே அண்ணனுக்காக மூச்சடக்கிக் கிடக்கும். உள்ளே படுத்திருந்தது அவள்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பால்கோவா போடுகிற குடும்பம். மாப்பிள்ளை தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தாமதமாகத் தனக்குப் பெண் தேடினார். பெண் பார்க்கிறது கோயிலில் வைத்து. அக்காவின் அம்மா வன்னியம்பட்டியிலிருந்து வந்தார், நாங்கள் இருவரும் கூடப் போனோம். மாப்பிள்ளை பால்கோவா கட்டிய ஒரு இலைப் பொட்டலத்தை டீச்சரிடம் நீட்டி, "சூடு ஆறுமுன்ன சாப்பிடச் சொல்லுங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தானாகச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்து நாலு பங்கு வைத்தாள்.

"நாலாவது யாருக்கு?" என்றேன்.

"ஏட்டி, அண்ணனுக்கு வேண்டாமா?" என்றாள்.

அந்தப் பக்கத்தில் பெண்ணைப் பிடித்திருந்தாலும் தெருவில் விசாரிக்காமல் தட்டு மாற்ற மாட்டார்கள். எங்களுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். நல்லபடியாகச் சொல்ல வீட்டுக்காரம்மா இருக்கிறார் என்ற தைரியத்தில் இருந்தோம். அவர் அண்ணனையும் சேர்த்துத்தான் சொல்வார் என்பது மூன்று பேரில் ஒருத்திக்குக்கூட உறைக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் வந்த நேரம் நாங்கள் மூவரும் வேலையில். வீட்டுக்காரம்மா அவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்து, எங்கள் நல்ல குணத்தையெல்லாம் அடுக்கியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. "பொண்ணோட அண்ணன் இருக்காரே, தங்கம். இருக்கிற எடம் தெரியாது. பகலெல்லாம் உள்ள தூங்குவாரு, எங்க நாய்கூட கொரைக்காது" என்றிருக்கிறார். அக்காவின் அம்மாவோ கோயிலில் வைத்தே உண்மையைச் சொல்லியிருந்தார், ஒரே பிள்ளை, கூடப் பிறந்தவர்கள் இல்லை என்று. வந்தவர்கள் கொடியில் சட்டையைப் பார்த்தார்கள், வாசலில் செருப்பைப் பார்த்தார்கள். மோரை முழுதும் குடிக்காமல் எழுந்து போனார்களாம்.

நாலு நாளில் தரகர் வன்னியம்பட்டிக்குப் போய் அக்காவின் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தார்: "அண்ணன்னு சொல்லி எவனையோ வீட்டுல வச்சிருக்கா ஒங்க மக."

எந்த வாயை மூட அவனை உண்டாக்கினோமோ, அந்த வாய்க்கு அவனே அவலாகிவிட்டான்.

அக்கா அழவில்லை. "நேர்ல போயி சொல்லிருவோம்" என்றாள். என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். கடைக்குப் பின்னால் அடுப்படி. மாப்பிள்ளை பெரிய சட்டியில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"அப்படி ஒரு ஆளே இல்லம்மா" என்றாள் அக்கா. "வீடு கெடைக்கல. அதுக்குச் சொன்ன பொய்யி."

"தெருவே பாத்திருக்கு. சாயாக் கடைக்காரன் பாத்திருக்கான். நீ இல்லைங்க."

"சத்தியமா இல்ல. சட்டை நாங்க வாங்கினது. இவளக் கேளுங்க."

நான் பேசினேன். எம்புட்டோ பேசினேன். பேசப்பேச அவன் கனத்துக்கொண்டே போனான். இல்லாதவனுக்கு எதற்கு இத்தனை சமாதானம் என்று அந்த அம்மா கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்காரம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். அவர் வந்தால், கோயில் வாசலில் சூடத்தை அணைத்து, அண்ணன் இருக்கிறார் என்றுதான் சத்தியம் செய்வார்.

மாப்பிள்ளை அதுவரை தலைநிமிரவில்லை. கிண்டுவதை நிறுத்தினால் அடி பிடித்துவிடும். கடைசியில் கையை நிறுத்தாமலே சொன்னார். "நான் நம்புதேன். ஆனா எங்கம்மா நம்பணும்லா. அந்தாளு ஒரு தடவ வந்து, எனக்கும் இவியளுக்கும் ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும்."

அடப் பாவி மனுசா! நல்லவன்தான் அவன். அதனால்தான் வயிறு எரிந்தது. அக்கா முந்தானையை இழுத்துச் சொருகினாள். "வரச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கொடியிலிருந்து சட்டையை உருவி அடுப்பில் வைத்தாள். செருப்பை முடுக்கில் எறிந்தாள். சில நாள் கழித்து வீட்டுக்காரம்மா கேட்டார், "ஏன் அம்மாயி, அண்ணனைக் காணோமே? நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று டீச்சர் என்னைப் பார்த்தாள். அக்கா மறுபடியும் முந்திக்கொண்டாள். "செத்துப் போச்சு" என்றாள். "ஊர்ல வச்சு. எடுத்தாச்சு."

அன்று சாயங்காலம் தெரு முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒருநாளும் அவனைப் பார்க்காத பெண்கள் தலையை விரித்துப் போட்டு, அக்காவைச் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா முதலில் கல்லுமாதிரி உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருத்தி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுக்கவும், அவளுக்கும் வெடித்துவிட்டது.

"என்னயக் கரை சேக்காமப் போயிட்டியே அண்ணே! ஒரு வார்த்த வந்து சொல்லாமப் போயிட்டியே!"

அது நடிப்பில்லை. என் பிள்ளைகள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், அதில் ஒரு சொட்டு நடிப்பில்லை. டீச்சர் "ஏசப்பா, ஏசப்பா" என்று முனகிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். அந்த வீட்டில் உண்மையாகவே ஏதோ ஒன்று செத்துக் கிடந்தது, அதைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம்.

பதினாறாம் நாள் கழியட்டும் என்று காத்திருந்து வீட்டுக்காரம்மா வந்தார். கண் கலங்கியிருந்தது. அக்காவின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்கோங்க அம்மாயி. அதுக்கு மேல கேக்காதீங்க. ஆம்பள இல்லாத வீடாப் போச்சே" என்றார்.

டீச்சர் தூத்துக்குடிப் பக்கம் போனாள். எனக்குக் கல்யாணம் முடிந்தது. அக்கா ஊரோடு போய்விட்டாள், அதற்குமேல் அவளுக்குச் சம்பந்தம் பேச யாரும் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மத்தியான வேளையில் வன்னியம்பட்டியில் அவளைப் பார்த்தேன். அம்மா இறந்துவிட்டார். அவள் தனியாக இருந்தாள், காட்டு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. வாசலில் பிள்ளைகள் பம்பரம் விட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள், பக்கத்து வீட்டில் ரேடியோ அலறியது.

"ஒடம்புக்கு என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. தூக்கந்தான் இல்ல. வேலைக்குப் போயிட்டு வந்து செத்த நேரம் படுப்போம்னா இதுக கத்துற கத்துல கண்ண மூட முடியல."

"சொல்லக் கூடாதா, தூங்கணும்னு?"

"சொன்னேன். ஒத்தப் பொம்பளைக்குப் பகல்ல என்ன தூக்கம்னு கேக்காளுவ." என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நீ கதை எழுதுதியாமே. எங்க அண்ணனை எழுதுனியா?"

"ஆமாக்கா."

"என்ன செய்தான் அதுல?"

"தூங்குதான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "எழுப்பிராத" என்றாள். "அவன் எந்திரிச்சா பொறவு கதையிலகூட எனக்காக யாரும் மெதுவாப் பேச மாட்டாவ."

பிள்ளைகள் கத்திக்கொண்டே இருந்தார்கள். நான் வெளியே வந்து, "அத்தை தூங்கணும், தள்ளிப் போயி விளையாடுங்கப்பா" என்றேன். ஒரு பிள்ளைகூட நகரவில்லை.