காற்றுப்பை விறைத்து நின்ற நாள்

நெப்ராஸ்காவில் டிராக்டர் ரிப்பேர் பார்க்கும் ஹார்லனிடம் சின்ன விமானம் ஒன்று உண்டு. இரண்டு பேர்தான் உட்காரலாம். அவன் தனக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடும் ஒன்று உண்டு. காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் துணிக் காற்றுப்பை ஓடுபாதைக்குக் குறுக்கே விறைத்து நின்றால், பக்கக் காற்று பலம் என்று அர்த்தம்; அங்கே இறங்கமாட்டான். வேறு ஊர் பார்த்துப் போய்விடுவான். பறப்பதென்றாலே நடுங்கும் மனைவி டோரிஸ், இதைக் கேட்ட பிறகுதான் விமானத்தில் காலே வைத்தாள்.

அன்று கூட்டாளி க்ளீட்டஸின் புல் மைதானத்தில் பான்கேக் விருந்து. சுற்றுவட்டாரத்து விமானக்காரர்கள் பறந்து வந்து தின்றுவிட்டுப் போகும் சனிக்கிழமை. நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கிழடுகள், இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் அட்டையைத் தூக்கி மார்க் போடுவார்கள். போன வருஷம் ஹார்லனுக்குப் பத்துக்கு மூன்று.

மேலிருந்து பார்த்தபோது காற்றுப்பை குறுக்கே கம்பு மாதிரி நின்றது.

“ஹார்லன், பை எப்படி நிக்குது பாரு. பக்கத்து ஊருக்குப் போயிரலாம்,” என்றாள் டோரிஸ்.

திருப்பத்தான் போனான். அதற்குள் ரேடியோவில் க்ளீட்டஸ் குரல்: “என்னடா மூணு மார்க்கு, மேலயே சுத்திட்டிருக்க? பான்கேக்கத் தூக்கி எறியட்டுமா, புடிச்சுக்கறியா?” பின்னால் ஒரே சிரிப்பு.

“வர்றேன்டா. அட்டைய எடுத்து வை.”

“ஹார்லன், நீ சொன்னியே...” என்றாள் டோரிஸ். அவன் காதில் வாங்கவில்லை.

சக்கரம் தரையைத் தொட்டதும் காற்று ஒரு பக்க இறக்கையைத் தூக்கியது. மறுபக்க இறக்கை புல்லைக் கிழித்தது. விமானம் பாதையை விட்டு விலகி நாற்காலிகளைப் பார்த்து ஓடியது. கிழவர்கள் தட்டைப் போட்டுவிட்டுச் சிதறினார்கள். முதல் நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

யாரும் அட்டை தூக்கவில்லை. க்ளீட்டஸ் வெளுத்த முகத்தோடு ஓடி வந்தான். “நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்டா,” என்றான். அதற்கு அவன் நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஹார்லனுக்கு.

டோரிஸுக்குப் பெல்ட்டைக் கழற்ற வரவில்லை. ஹார்லன் கையை நீட்டினான். தட்டிவிட்டாள்.

“நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் ஏறினேன். அவங்க சிரிக்கற வரைக்கும்தானா அது?”

டோரிஸ் க்ளீட்டஸின் மனைவியோடு காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். நசுங்கிய இறக்கையோடு விமானம் அங்கேயே கிடந்தது. யாரோ ஹார்லனிடம் பான்கேக் தட்டை நீட்டினார்கள். வாங்கினான். நாற்காலியின் மேல் வைத்துவிட்டான்.

சாயங்காலம் வீடு வந்தபோது டோரிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இனிமே நான்...” என்று ஆரம்பித்தான்.

அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பி நின்றாள். என்ன சொல்லப் போகிறான் என்று பார்த்தாள்.

ஹார்லன் தலையைக் குனிந்துகொண்டு பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.