பித்தளைத் துப்பாக்கியின் எண்

பழைய கைத்துப்பாக்கிகளின் எண்ணைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று எங்கள் கடற்கரைத் தாலுகாக்களில் ஒரு பேர் உண்டு. சந்தேகம் வந்தால் அதிகாரிகளே ஆள் அனுப்புவார்கள். குழலின் மேல் கம்பெனியின் பேர் இருக்கும். அதை ஒட்டிக் காப்புரிமை வாங்கிய தேதி இருக்கும். அவசரக்காரன் அந்தத் தேதியையே எண் என்று எழுதிவிடுவான். தோட்டா போடும் உருளையின் முகப்பில் இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால், அது பாகங்களை மாற்றிப் பூட்டிவிடாமல் இருக்கப் பட்டறைக்காரன் அடித்த அடையாளம். உண்மையான எண் பெரும்பாலும் கைப்பிடியின் அடியில் இருக்கும். இதையெல்லாம் நான் மடமடவென்று சொல்லக் கேட்டவர்கள் வாயைப் பிளந்திருக்கிறார்கள். இந்தப் படிப்பை எங்கே படித்தாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தாலுகா கச்சேரியில் ஆயுத லைசென்ஸ் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எந்தக் கச்சேரி என்பது வேண்டாம். கச்சேரியில் இருந்து பார்த்தால் உப்பளம் தெரியும். உப்புக் காற்றில் என் மேசை இழுப்பறையின் பூட்டு மாதத்துக்கு ஒரு முறை இறுகிக்கொள்ளும். அப்படியென்றால் துப்பாக்கிகள் என்ன கதியில் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் தை மாதத்தில் லைசென்ஸ்காரர்கள் ஆயுதத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள். அதில் இருக்கும் எண்ணைப் பதிவேட்டில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்பார்த்து, ‘ஆயுதம் நேரில் பார்வையிடப்பட்டது, எண் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் வேலை அவ்வளவுதான். அதைக்கூட நான் செய்யவில்லை. போன வருஷத்துப் பக்கத்தைப் பார்த்து இந்த வருஷத்துப் பக்கத்தில் எழுதினேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். அவர் மேல் பழி போட்டுத் தப்பிக்கலாம் என்றால், பேனா என் கையில்தானே இருந்தது.

வருகிறவர்களில் திருவாடானைப் பக்கத்துக் கிராமத்துச் சம்சாரி ஒருவர். ஐம்பது வயதுக்காரர், நெல்லும் மிளகாயும் போடுகிறவர். அவர் அய்யா காலத்தில், தொண்டிக்கு வந்த கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய கைத்துப்பாக்கி அவரிடம் இருந்தது. அமெரிக்காவில் செய்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. குழலும் உருளையும் இரும்பு, உடம்பு பித்தளை, கைப்பிடியின் இரண்டு பக்கமும் மரக்கட்டை. பிற்காலத்துத் துப்பாக்கியில் சுத்தி தோட்டாவின் அடி நடுவில் அடிக்கும். இதில் விளிம்பில் அடிக்கும். அந்த அளவில் விளிம்புத் தோட்டா வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. அதனால் சுட முடியாத துப்பாக்கிக்குத்தான் அந்த மனிதர் ஒழுங்காக லைசென்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். அய்யா வைத்திருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு உபயோகம் இல்லை.

அது எப்போதும் பளபளவென்று வரும். சரஸ்வதி பூஜைக்குக் குத்துவிளக்கு, குடம், செம்பு எல்லாவற்றோடும் இதையும் அவர் மனைவி புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்துவிடுவார். கதிர் அரிவாள், மண்வெட்டியோடு இதையும் பலகையில் வைத்துக் கும்பிடுவார்கள். தை மாதத்தில் என்னிடம் வரும்போதும் கைப்பிடியின் அடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருக்கும். எண் இருக்க வேண்டிய இடம் அதுதான். சாமி கும்பிட்ட பொருளைச் சுரண்டுவானேன் என்று நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவேன். பக்தி என்று அப்போது என்னையே ஏமாற்றிக்கொண்டேன். சோம்பேறித்தனம்தான் அது. ஐந்து வருஷம் ஐந்து கையெழுத்து.

ஆறாவது வருஷம் ஆடி மாதத்தில் கடத்தல் தோணி ஒன்று கரை ஒதுங்கி, சரக்குக்காக நடந்த சண்டையில் ஒரு ஆள் சுடப்பட்டான். சின்னக் குண்டு. தாலுகாவில் உள்ள கைத்துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் வரவழைத்தது. மொத்தமே ஏழோ எட்டோதான். இன்ஸ்பெக்டர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தார். சம்சாரியின் துப்பாக்கியில் சந்தனத்தை நகத்தால் பெயர்த்தார். கீழே வெறும் பித்தளை. எண் இருந்த தடமே இல்லை.

“நம்பர் எங்கய்யா?” என்றார்.

“அங்கனதான் சாமி இருந்துச்சு,” என்று சம்சாரி குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் முதலில் பயம்கூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் பதிவேட்டை இழுத்தார். இந்த வருஷம் தை மாதம் எண் சரி என்று என் கையெழுத்து இருந்தது. கணக்குச் சுத்தமாக வந்துவிட்டது: தையில் இருந்த எண் ஆடியில் இல்லை. ஆகவே அசல் துப்பாக்கியைக் கடத்தல்காரனுக்குக் கொடுத்துவிட்டு, எண்ணை அரத்தால் அராவிய அதே மாதிரி வேறொன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறான். இதற்குத் தோட்டாவே கிடைக்காதே என்று சம்சாரி சொன்னதற்கு, கடத்தல்காரனுக்குக் கிடைக்காத தோட்டாவா என்றார் இன்ஸ்பெக்டர். அன்றைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜாமீன் கிடைக்கவில்லை.

நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கணக்கு அங்கேயே உடைந்திருக்கும். ‘தையிலும் எண் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் ஒரு வருஷமும் பார்க்கவில்லை’ என்ற ஒரே வாக்கியம் போதும். சொன்னால் வேலை போகும், பொய்க் கையெழுத்துக்கு வழக்கும் வரும். வீட்டில் மனைவி ஏழு மாதம். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அப்போது எனக்கு இதுவே சமாதானமாக இருந்தது என்று சொல்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி கச்சேரிக்கு வந்தார். பஸ் இல்லாமல் நடந்தே வந்திருந்தார் போல, கால் முழுக்கப் புழுதி. தாசில்தார் முகாமில் இருந்தார். என்னிடம்தான் வந்து நின்றார்.

“தம்பி, அவுக ஒண்ணும் அராவல. நாந்தேன் தேச்சேன். கலியாணமாகி வந்த வருசத்துலருந்து புளி போட்டுத் தேச்சுக்கிட்டு வாரேன். அதுல நம்பர் இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்? எங்கையாலதேன் அழிஞ்சிருக்கு. போலீசுக்காரவுக கேட்டுட்டுச் சிரிக்கிறாக. நீங்க எழுதிக்கங்க தம்பி. நான் ரேகை வைக்கிறேன்.”

கைகளை விரித்துக் காட்டினார். அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருபத்தைந்து வருஷப் புளியும் செங்கல்பொடியும் பித்தளையில் என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுச் செம்பில் என் தாத்தாவின் பேர் வெட்டியிருந்த இடம் இப்போது வழவழவென்று இருக்கிறது. அந்த அம்மாள் தேய்த்ததால் மட்டும் புருஷன் உள்ளே போகவில்லை, நான் பார்த்ததாக எழுதியதால் போனார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். “தாசில்தார் வரட்டும், திங்கட்கிழமை வாங்க,” என்றுதான் வந்தது. சரி தம்பி என்று போய்விட்டார். திங்கட்கிழமை நான் லீவு போட்டேன்.

ஆடி போய் ஆவணியும் போனது. மனைவிக்குப் பையன் பிறந்தான். குழந்தையைத் தூக்கினால் அந்தப் புழுதிக் கால்கள் ஞாபகத்துக்கு வந்தன. என்னை மாட்டிக்கொள்ளாமல் அவரைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று தேடினேன். கோழைக்கு வரும் யோசனை அப்படித்தான் இருக்கும். புரட்டாசியில் ஒரு நாள் மதுரைக்குப் போய், துப்பாக்கி பழுது பார்க்கும் ஒருவரைப் பிடித்தேன். பெரிய மீசைக்காரர், வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பித்தளை உடம்புங்கிறீங்க. விளிம்புத் தோட்டா. அப்ப கைப்பிடிக் கட்டையக் கழட்டிப் பாத்தீங்களா? மரத்துல உள்பக்கமா அதே நம்பர அடிச்சிருப்பான். புளி அங்கன போகாதுல்ல.”

அவர் என்னோடு பேசியது கால் மணி நேரம். அதற்குள் உருளை, குழல், தேதி, பட்டறை அடையாளம் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டார். என் கெட்டிக்காரத்தனம் முழுக்க அந்தக் கால் மணி நேரம்தான். இதை ஆடியிலேயே வந்து கேட்டிருக்கலாம்.

சம்சாரியின் வக்கீலிடம் விஷயத்தைச் சொன்னேன். மனுப் போட்டு உத்தரவு வாங்க ஐப்பசி ஆகிவிட்டது. கோர்ட்டில் மேசைமேல் வைத்து, போலீஸ் ஆயுதக்காரர் ஒருவர் திருகாணியைக் கழற்றினார். துரு பிடித்து வர மறுத்தது. எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடி திருகினார். கட்டை பெயர்ந்து வந்தது. உள்பக்கம் கறுத்துப் போயிருந்த மரத்தில் நாலு இலக்கம் பதிந்திருந்தது. மாஜிஸ்திரேட் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதிவேட்டைப் பார்த்தார். அதே நாலு இலக்கம். பூஜைக்குத் தேய்த்ததில் எண் தேய்ந்திருக்கிறது என்று எழுதி அவரை விட்டுவிட்டார்கள். அப்படியானால் தை மாதத்தில் குமாஸ்தா எதைப் பார்த்து எழுதினான் என்று யாரும் கேட்கவில்லை. யோசனை என்னுடையது என்று வக்கீல் போகிற இடமெல்லாம் சொன்னார். தாசில்தார் முதுகில் தட்டினார்.

ஆனால் அந்த அம்மாள் அதைப் பார்க்க இல்லை. சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், தேய்க்கிற பாத்திரங்களைக் கிணற்றடியில் குவித்து வைத்துவிட்டுக் கிணற்றில் விழுந்துவிட்டார். வக்கீல்தான் சொன்னார். தவறி விழுந்தார் என்று எழுதினார்களாம்.

மார்கழியில் சம்சாரி துப்பாக்கியை ஒப்படைக்க வந்தார். லைசென்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். மெலிந்திருந்தார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நான் குழல், உருளை, கட்டையின் உள்பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். அவர் எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டு நேரம் ஆகுமா தம்பி இதப் பாக்க?” என்றார்.

நான் கட்டையைத் திருப்பிப் பார்த்து இன்னொரு வரி எழுதினேன்.

“அஞ்சு வருசமா நீங்க இத ஒருக்காக்கூடத் திருப்பிப் பாக்கலன்னு எனக்குத் தெரியும். எதுத்தாப்புலதான உக்காந்திருந்தேன். கோர்ட்டுல சொல்லிப் பாத்தேன், ஆபீசர எதுத்துப் பேசுறியான்னுட்டாக. சரி, போகட்டும். நான் உசுரோட வந்துட்டேன்.”

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“அவ ஒங்கட்ட வந்து நின்னாள்ல தம்பி. அவகிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாம்ல.”